டீயில் தொடங்கி பிரியாணியில் உடைந்த சங்கம்

ஷமீம் அக்கா பிரியாணி தேக்சாவைத் திறக்கப் போனதும் அறையில் பேச்சு நின்றுவிட்டது.

மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த மாவைக் கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி உடைத்தார். மூடியை எடுத்ததும் ஆவி எழுந்தது. புதினா, பட்டை, நெய், கூடவே லேசாக அடிப்பிடித்த வாசனை. தையல் மெஷினை மூலைக்குத் தள்ளிப் போர்வை போட்டு மூடியிருந்தார். கட்டிலுக்கு அடியில் வெட்டுத்துணி மூட்டைகள். பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில், அந்த ஒற்றை அறைக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

அன்று நாங்கள் கூடியது கலா அக்காவுக்காக. திருமழிசை தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் வேலை பார்த்தார். என் அம்மாவும் அங்கேதான். அந்த வாரம் கலா அக்காவை, "கூப்பிடுற வரைக்கும் வராத" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வேலையைத் திரும்ப வாங்கித் தர நாங்கள் என்ன செய்யப் போகிறோம்? பேச வேண்டியது அது ஒன்றுதான்.

பேசவில்லை. சாப்பிட்டோம்.

"ஏய் யமுனா, இன்னா கொறிக்கிற? படிச்ச புள்ளைங்க எல்லாம் இப்டிதான் துன்னுமா?" என்று சொல்லிக்கொண்டே ஷமீம் அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.

"கலாவுக்கு வைக்கா. அவ தட்டுல ஒண்ணுமே இல்ல பாரு," என்றார் ராணி அக்கா.

"போதும்க்கா. வவுறு ரொம்பிப் போச்சு," என்றார் கலா அக்கா. அவர் தட்டில் வைத்த பீஸ் அப்படியே இருந்தது.

கத்திரிக்காய் வந்தது. தயிர் வெங்காயம் வந்தது. பிறகு தட்டுகளைக் கழுவுவதற்கு ஒரு போட்டி நடந்தது. அது முடிவதற்குள் ஒவ்வொருவர் கைப்பேசியாக அடிக்க ஆரம்பித்தது. "எப்போ வருவ?" "சின்னவன் அழுவறான்." "எங்க ஊட்டு ஆளு சாவிய எடுத்துகினு போய்ட்டாரு." மாடிப்படியில் செருப்பு தேடும் நேரத்தில் ராணி அக்கா கேட்டார்.

"வர்ற ஞாயிறு யாரு ஊடு?"

எல்லோரும் கலா அக்காவைப் பார்த்தோம்.

"எங்கூடுதான்," என்றார் அவர், செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே.

பெயரில்லாத சங்கம்

எங்கள் சங்கத்துக்குத் தலைவி கிடையாது, பேனர் கிடையாது. வாட்ஸ்அப்பில் மட்டும் 'லைட்டு' என்று ஒரு பெயர் இருந்தது. அதற்குக் காரணம் மெட்ரோ வேலை.

பூந்தமல்லியில் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். சாலை நெடுகத் தகரத் தடுப்பு. பஸ் நிற்கும் இடம் இன்று ஒரு பக்கம், நாளை ஒரு பக்கம். வேலை விட்டு வரும் பெண்கள் தகரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே இருட்டில் ஒற்றை வரிசையாக நடக்க வேண்டும். தகரத்தின் மறைவில் நின்று குடிப்பவர்கள் கையை நீட்டுவார்கள்.

ஒரு மாலை ஷமீம் அக்காவின் தோளில் ஒரு கை விழுந்தது. அக்கா சாணை பிடித்து வாங்கிய கத்திரிக்கோலுடன் திரும்பினார். அந்த ஆள் பின்னால் நகர்ந்து சாக்கடையில் விழுந்தான். "நைனா, குளிரு அதிகமாக் கீதா?" என்று, கடைத்தெருவுக்கு வந்துவிட்டுப் பின்னால் நடந்து வந்த ராணி அக்கா அவனை விசாரித்தார். அதே வரிசையில் வந்த என் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்பெனியில் பக்கத்து பக்கத்து இடத்தில் உட்கார்ந்தும் அதுவரை அதிகம் பேசிக்கொள்ளாத ராணி அக்காவும் அம்மாவும், முன்பின் தெரியாத ஷமீம் அக்காவும் அன்று அந்தச் சாக்கடை ஓரத்தில் சினேகிதிகள் ஆனார்கள்.

பிறகு மூன்று பேரும் ஆள் சேர்த்துக்கொண்டு மெட்ரோ சைட் ஆபீஸுக்கும் நகராட்சிக்கும் நடந்தார்கள். மனு எழுதியது நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது எனக்கு அடக்கம் வராது, வரவும் வேண்டாம். அப்போதுதான் பூந்தமல்லியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தடுப்பு நெடுக விளக்குப் போட்டார்கள். முதல் நாள் அந்த வெளிச்சத்தில், வேலை எதுவும் இல்லாமலே, எல்லோரும் ஒரு முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தோம்.

விட்டுவிட மனசில்லை. ஞாயிறுதோறும் கூடுவது என்று முடிவானது. எங்கே கூடுவது?

என் அப்பா சுமை இறக்கும் தொழிலாளி. அவர்கள் சங்கம் டீக்கடையில் கூடும். நின்றபடியே கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். கிளாஸைக் கழுவும் கவலை அவர்களுக்குக் கிடையாது. பெண்கள் ஏழெட்டுப் பேர் டீக்கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் தெரு முழுக்க நின்று பார்க்கும். ஆக, வீடுதான்.

"ஒரே ஊட்ல கூடினா அது அந்த ஊட்டுக்காரி சங்கமாப் பூடும்," என்றார் ஷமீம் அக்கா. "மொறை வெச்சிக்கலாம். ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு ஊடு."

அதைவிட நியாயமான விதி இருக்க முடியாது என்று எனக்கு அப்போது தோன்றியது.

முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும். அடுத்த வீட்டில் டீயும் சுண்டலும். அதற்கடுத்த வீட்டுக்காரர் சுண்டலைவிடக் குறைவாகத் தர முடியுமா? பஜ்ஜி வந்தது. பஜ்ஜிக்குத் துணையாகக் கேசரி. ராணி அக்கா மதியத்துக்கே வரச் சொல்லி, வடை பாயசத்தோடு இலை போட்டார். வாரம் முழுக்க வீட்டுக்கு ஆக்கிப்போட்டுக் களைத்த பெண்கள், அதிலிருந்து கொஞ்ச நேரம் எழுந்து வரலாம் என்றுதான் வந்தார்கள். வந்த இடத்திலும் பெரிய அடுப்பைப் பற்ற வைத்துவிட்டோம்.

தன் முறை நெருங்கும்போது சிலர் வராமல் போக ஆரம்பித்தார்கள். தலைவலி, கல்யாணம், நாத்தனார் வருகை. நாங்கள் அந்தக் காரணங்களை நம்பினோம்.

எங்கள் வீட்டுக் கிருத்திகை

சாப்பாடுதானே, அதை ஒரே நாளில் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் அது ஏன் முடியவில்லை என்று புரியும்.

எங்கள் முறை முதன்முதலாக வந்தபோது அம்மா விடியும் முன்பே எழுந்து சாணம் தெளித்துக் கோலம் போட்டார். எங்கள் பக்கத்துக்கு ராணி அக்கா தெருக்காரர்கள் அதுவரை வந்ததில்லை. என் தாத்தா அந்தத் தெருவின் நிலங்களில்தான் கூலி வேலை செய்தார். நிலம் இருந்த இடத்தில் இப்போது ஷெட்டுகள். தெருக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ராணி அக்கா வந்தார். எல்லோருடனும் பாயில் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தபோது, "எனக்கு இன்னிக்கு கிருத்திகை, வள்ளி. பச்சத் தண்ணி கூட பல்லுல படக்கூடாது," என்றார்.

எல்லோரும் போன பிறகு அம்மா சுவரில் மாட்டியிருந்த தேதிக் காலண்டரின் முன்னால் நின்றார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "யமுனா, இன்னிக்கு இன்னா போட்டுகீது பாரு," என்றார். கிருத்திகை போன வாரமே முடிந்திருந்தது. நான் சொன்னேன். அம்மா தலையாட்டிவிட்டு அந்த டீயை எடுத்துத் தானே குடித்தார்.

ராணி அக்காவைப் பற்றி அன்று நான் நினைத்ததை எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சிடாது.  அம்மா மறுநாள் கம்பெனியில் அவருக்குப் பக்கத்து இடத்தில் எப்போதும்போல உட்கார்ந்தார்.

இரண்டாவது சுற்றில் எங்கள் முறை வந்தபோது அம்மா சங்கரா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தார். "வேணாம்மா, டீ போதும்," என்றேன். "நீ உன் வேலையப் பாரு," என்றார். ராணி அக்கா வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். தட்டு எல்லோருக்கும் போனது. ராணி அக்காவுக்குத் தட்டு வைக்க அம்மாவின் கை தயங்கியது. ராணி அக்காவே கையை நீட்டித் தட்டை வாங்கினார். குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். பிறகு, "ஏன் வள்ளி, குழம்ப அளந்து அளந்து ஊத்தற? இன்னும் கொண்டா," என்றார்.

குழம்புச் சட்டியை எடுக்க உள்ளே போன அம்மா சற்று நேரம் திரும்பி வரவில்லை.

ஆக, எங்களைக் கலைத்தது சோறு என்று என்னால் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. எங்களை ஒரு பாயில் உட்கார வைத்ததும் அதே சோறுதான்.

ஆணியில் தொங்கிய டோக்கன்

இப்போது கலா அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அவருக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும். செய்யாறு பக்கத்திலிருந்து வந்தவர். கணவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். இரண்டு பெண் குழந்தைகள். அந்த மூடி கம்பெனி கொடுத்த அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் போட்டுக்கொண்டு வருவார். "உள்ளார வெச்சா தொலஞ்சிபூடும்," என்று காரணம் சொல்வார். "என் பேரும் என் மூஞ்சியும் ஒண்ணா கீற பொருளு இது ஒண்ணுதான்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்த கம்பெனியின் ஹாலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பெல்ட்டில் வரும் மூடிகளில் கோணல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் சுவரில் ஆணியில் தொங்கும் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். சிவப்புப் பெயிண்ட் அடித்த மரத்துண்டு. மொத்த ஹாலுக்கும் இரண்டே இரண்டு. இரண்டும் வெளியே போயிருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அதனால் எங்கள் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

அன்று கலா அக்காவுக்கு மாதவிலக்கு. ஆணி காலியாக இருந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டார். "வெயிட் பண்ணு," என்றார் அவர். கலா அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். திரும்பி வரும்போது அவர் இடத்தில் மூடிகள் குவிந்து தரையில் கொட்டியிருந்தன.

"டோக்கன் எங்க?" என்றார் சூப்பர்வைசர், எல்லோர் முன்னாலும்.

"எதுக்குப் போனேன்னு சொல்லட்டா சார்? மைக்கு எதுனா கீதா?" என்றார் கலா அக்கா.

ஹால் முழுக்கச் சிரித்துவிட்டது. முதலில் சிரித்தவர் ராணி அக்கா. டோக்கன் இல்லாமல் போனதைக்கூட மன்னித்திருப்பார்கள். சிரிப்பை மன்னிக்கவில்லை. மதியமே கலா அக்காவை வெளியே அனுப்பினார்கள்.

வேலை போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். இங்கே வாடகை கொடுத்துச் சமாளிக்க முடியாது, ஊருக்கே போய்விடலாம் என்று கணவர் ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் என்றால் மாமியார் வீடு, மாமியார் வீட்டு மாடுகள். பெரியவளை அப்போதுதான் இங்கே நல்ல பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்திருந்தார். அந்த அட்டையோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

எடம் மட்டும் குடு

கலா அக்காவின் முறை வந்த ஞாயிறு, "பொண்ணுக்கு ஜொரம்," என்று செய்தி வந்தது. அடுத்த வாரம், "தண்ணி வர்ல." முறை தவறக் கூடாது என்பதால் வேறு யார் வீட்டிலும் கூட்டவில்லை. அவருடைய வேலையைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டம், அவர் வீட்டில் கூட வேண்டிய முறை வந்ததாலேயே நடக்காமல் நின்றது. சம்பளம் இல்லாத வீட்டில், பிரியாணிக்கு அடுத்த வாரம் என்ன வைப்பது?

இதற்குள் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். வரும் திங்கட்கிழமை வந்து, தானே வேலையை விடுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் காதுக்கு வந்ததும் ராணி அக்கா குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். நல்ல மனதோடு போட்டதுதான். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது.

"ஏ கலா, நீ ஒண்ணும் கவலப்படாதடி. சாம்பாரு, பொரியலு, வட, எல்லாம் நானே ஆக்கி ஹாட்பாக்ஸ்ல எடுத்தாந்துடறேன். நீ எடம் மட்டும் குடு, போதும்."

கொஞ்ச நேரத்தில் கலா அக்கா குரூப்பை விட்டு வெளியேறினார்.

அடுத்து ஷமீம் அக்காவின் குரல். "இன்னா பேச்சு ராணி இது? எடம் மட்டும் குடுன்றியே, அவ இன்னா சத்திரமா நடத்தறா? டீ போதும்னு நான் அப்பவே சொன்னேன்."

"யாரு, நீயா? நீயா சொன்ன?" என்று வந்தது பதில். "தேக்சா நெறைய ஆக்கிப் போட்டு எல்லார் வாயையும் அடச்சிட்டு, இப்போ டீ போதுமா? உன் மொறை முடிஞ்சிது, அதான் பேசற."

"நான் ஆக்குனதுக்கு நீ ரெண்டு வாட்டி வாங்கித் துன்னல?"

"துன்னேன். இனிமே துன்ன மாட்டேன்."

ராணி அக்கா வெளியேறினார். அவர் தெருக்காரர்கள் வெளியேறினார்கள். அவர்கள் போனதைப் பார்த்துக் கோபப்பட்டு இன்னும் சிலர் வெளியேறினார்கள். சாயங்காலம் பார்த்தால் அம்மா, நான், ஷமீம் அக்கா, குரூப்பில் வருவதை எப்போதுமே பார்க்காத ஒரு அத்தை, இவ்வளவுதான் மிச்சம்.

ஆவடியில் ஒரு கேள்வி

இதை எழுதும்போது வேறொரு நாள் நினைவுக்கு வருகிறது. ஆவடியில் நான் படித்த கல்லூரியில் மகளிர் தினத்துக்குப் பழைய மாணவிகளைக் கூப்பிட்டிருந்தார்கள். நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பேசினார். அடித்தட்டில் தொடங்கும் பெண்கள் அமைப்புகள் ஏன் நீண்ட நாள் சேர்ந்திருப்பதில்லை என்று மாணவிகளைக் கேட்டார். கொள்கை வேறுபாடு, சாதி, கணவர்களின் எதிர்ப்பு, நிதி இல்லாமை என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாம் சரிதான்.

நான் கையைத் தூக்கி, "பாத்திரம்," என்றேன்.

அரங்கம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து விவரம் கேட்டார். சொன்னேன். "எங்க குரூப்ல காபி டம்ளர்," என்றார் அவர். எந்நேரமும் ஒரே ஆள் கழுவினாராம். ஒருநாள் அவர் வரவில்லை. கழுவாத டம்ளர்களை வைத்துக்கொண்டு மற்றவர்கள் சமத்துவத்தைப் பற்றிப் பேசி முடித்தார்களாம். "அவங்க அப்புறம் வரவே இல்ல," என்றார். இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டோம்.

ஞாயிறு ஒரு நாள்தான் எங்கள் பெண்களுக்கு உண்டு. அந்த நாளுக்குள் தலைக்குக் குளிப்பது, துணி துவைப்பது, கறி எடுப்பது, பிள்ளைக்குப் பேன் பார்ப்பது எல்லாம் முடிய வேண்டும். அதில் மிச்சம் பிடிக்கும் ஒரு மணி நேரத்தில்தான் சங்கம். இவ்வளவு மெல்லிய நூல் அறுவது ஆச்சரியம் இல்லை. திரும்பத் திரும்ப அதை எடுத்து முடிச்சுப் போடுகிறார்களே, அதைத்தான் யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

தண்ணி லாரி

திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை ஷமீம் அக்கா எனக்கு போன் செய்தார்.

"கலாவ நாளைக்குப் பாக்கணும். ஊட்டுக்குப் போனா அவ ஓடிப்போய் பாலு வாங்குவா, கலரு வாங்குவா. மன்சு கேக்காது. அவ தெருவுக்கு தண்ணி லாரி எப்போ வரும்?"

"ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்கு மேலக்கா. ஏன்?"

"லாரிகிட்ட நின்னு பேசிக்கலாம். அங்க யாரும் யாரையும் உக்காருன்னு சொல்ல மாட்டாங்க."

காலையில் அம்மாவும் நானும் குடத்தோடு போனோம். எங்கள் பக்கமும் அந்த லாரிக்குத்தான் வர வேண்டும். ஷமீம் அக்கா பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். புர்காவுக்கு மேலே இடுப்பில் ஒரு காலிக் குடம். அவர் வீட்டில் மோட்டார் போட்டால் தண்ணீர் கொட்டும்.

"கொடம் எதுக்குக்கா?" என்றேன்.

"சொம்மா நின்னா இன்னா வேணும்னு கேப்பாங்க. கண்டக்டர் கேட்டான், 'இன்னா பாய்ம்மா, திருமழிசைக்கு வந்து தண்ணி புடிக்கறீங்க, உங்க ஊர்ல வத்திபோச்சா'ன்னு. ஆமாம்பா, உனக்கும் ஒரு கொடம் தரட்டான்னேன்."

வரிசையில் கலா அக்கா நின்றார். அவருக்கு நாலைந்து பேர் பின்னால் ராணி அக்கா. இரண்டு பேரும் எதிரெதிர் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயை அவிழ்த்ததும் வரிசை நெருக்கியது. யாரோ தள்ளியதில் ராணி அக்காவின் குடம் கலா அக்காவின் முதுகில் இடித்தது.

"கண்ணு தெரியலியா?" என்றார் கலா அக்கா, திரும்பாமல்.

"தெரியுது. மூஞ்சியத் திருப்பிகினு கீறது யாருன்னு நல்லாவே தெரியுது."

"எடம் குடுத்தேன் இல்ல, தள்ளி நில்லு."

வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. ராணி அக்கா குடத்தைக் கீழே வைத்தார்.

"இன்னாடி சொல்ட்டேன் நான்? சம்பளம் இல்லாம குந்திகினு கீறாளே, செலவு இழுத்து வுடக் கூடாதுன்னு சொன்னேன். அது ஒரு குத்தமா?"

"எங்கூட்ல அடுப்பு இல்லியா? நான் சோறு ஆக்க மாட்டனா?" கலா அக்கா திரும்பிவிட்டார். "உங்க எல்லார் ஊட்லயும் துன்னுட்டு, எங்கூட்டுக்கு வர்றப்போ உன் ஊட்டு சாம்பார நானே உனக்கு ஊத்தணுமா? அதுக்கு நான் மூட்டையக் கட்டிகினு செய்யாறே போவேன்."

"போ! போய் மாமியாரு மாட்ட மேய்!" என்று கத்தினார் ராணி அக்கா. கத்தியவுடன் குரல் உடைந்துவிட்டது. "போய்டுவியாடி? ஹால்ல நான் யாருகிட்டடி பேசுவேன்? மொத மொத சிரிச்சது நானு. நான் சிரிக்காம இருந்தா அவன் உன்ன அனுப்பியே இருக்க மாட்டான். எனக்குத் தூக்கம் வர்லடி."

"ஏம்மா, பேசறதுன்னா வழிய வுட்டுட்டுப் பேசுங்க. தண்ணி வீணாப் போவுது," என்றார் லாரிக்காரர்.

"தோ, அண்ணாத்தே, நீ கொஞ்சம் கம்முனு இரு. முக்கியமான விசயம்," என்றார் ஷமீம் அக்கா. அவரே குழாயை வாங்கி முன்னால் இருந்த குடத்தில் சொருகினார். "கலா, ராணி, சண்டைய நாளைக்கி சாயங்காலம் வெச்சிக்கோங்க. காலைல இன்னா பண்றதுன்னு பேசுங்க."

அங்கேயே பேசினோம். குடம் நிறைந்தால் நகர்த்துவது, அடுத்த குடம், அதற்கிடையில் ஒரு வாக்கியம். கலா அக்கா எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றேன் நான். அவர் தனியாகப் போகக் கூடாது என்றார் அம்மா.

"அவ உள்ள போனாதான் நான் உள்ள போவேன்," என்றார் ராணி அக்கா. "மணி அடிச்சாலும் சரி, அரை நாளு சம்பளம் போனாலும் சரி."

"நானும் அந்தக் கம்பெனிதான்," என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் கூட்டத்துக்கு ஒரு நாளும் வராத பெண். "எனக்கும் சொல்லுங்க, எத்தினி மணிக்கு நிக்கணும்?"

"நீ ஏம்மா இத்தினி நாளு மீட்டிங்குக்கு வர்ல?" என்று கேட்டார் ஷமீம் அக்கா.

அந்தப் பெண் குடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கூட்ல பத்து பேரு குந்த எடம் இல்லக்கா."

 பேசி முடிப்பதற்குள் அப்படி இன்னும் மூன்று நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஷமீம் அக்கா தன் குடத்து நீரைக் கலா அக்காவின் டிரம்மில் ஊற்றிவிட்டுப் பஸ் ஏறினார்.

கேட்டுக்கு வெளியே

அந்த ஞாயிறுக்குப் பிறகு நாங்கள் என்றென்றும் ஒற்றுமையாக இருந்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. அந்த வருடமே இன்னொரு முறை உடைந்தோம், ஒரு காதுகுத்துக்கு யாரை அழைக்கவில்லை என்பதில். ராணி அக்கா இப்போது மகளோடு நெமிலிச்சேரியில் இருக்கிறார். ஸ்டேஷன் பக்கத்துப் பெண்களைச் சேர்த்து வேறொரு கூட்டம் நடத்துவதாகவும், அதில் ஏற்கனவே சண்டை வந்துவிட்டதாகவும் கேள்வி. ஆனால் நான் சொல்ல வேண்டியது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு நான் போனேன். ஷமீம் அக்காவும் தைக்க வேண்டிய துணிகளை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே பெண்கள் நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. யாரும் கோஷம் போடவில்லை. என்ன கோஷம் போடுவது என்று பேசி வைத்துக்கொள்ள மறந்துவிட்டோம். உள்ளே பெல்ட் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மேனேஜர் வெளியே வந்தார். கலா அக்காவை மட்டும் தன் அறைக்கு வரச் சொன்னார்.

"வருவா சார். நேரா அவ எடத்துக்கு வருவா," என்றார் ராணி அக்கா.

"நீங்க யாரு? இங்க வேலை செய்யறீங்களா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தார். கம்பெனியில் அத்தனை வருடத்தில் அம்மா அவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. "எம் பொண்ணு சார். வக்கீல் ஆபீஸ்ல கீறா. டைப்படிக்கிறா. எல்லாம் படிச்சிகீறா," என்றார். தெரு முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் லோடு போக வேண்டிய நாள் அது. மேனேஜர் கைப்பேசியில் யாருடனோ பேசினார். கேட்டுக்குள் போனார், வந்தார். வெயில் ஏறியது. கடைசியில், "சரி, அந்தம்மா வேலைக்குப் போகட்டும். மத்தத அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

"டோக்கன் சார்?" என்றார் கலா அக்கா.

"அதையும் பேசிக்கலாம்."

"அதுல பேச இன்னா சார் கீது? ஆணியப் புடுங்கினா ஆச்சு," என்றார் ராணி அக்கா.

மேனேஜர் வாட்ச்மேனைப் பார்த்துக் கையைக் காட்டினார். பெரிய கேட்டைத் திறக்காமல், அதிலிருந்த சின்னக் கதவை வாட்ச்மேன் திறந்தார். ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். கலா அக்கா வழக்கம்போல் மூத்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ராணி அக்கா அவர் முதுகில் கைவைத்து முதல் ஆளாக உள்ளே தள்ளினார். அவர் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். அம்மா கடைசியாகப் போனார், என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே. கதவு மூடியது. பெல்ட் சத்தம் மறுபடி கேட்டது.

ஷமீம் அக்காவும் நானும் ரோட்டில் நின்றோம்.  எனக்கு ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"யமுனா," என்றார் அக்கா, என் கையைப் பிடித்து. "காலைல பஸ் ஏறுனதுல இருந்து அடக்கிகினு கீறேன். இங்க பக்கத்துல பாத்ரூம் எதுனா கீதா?"

சுற்றிலும் பார்த்தேன். ஷெட்டுகள், காம்பவுண்ட் சுவர், லாரிகள். எதுவும் இல்லை.

அக்கா ஒரு கணம்தான் யோசித்தார். நேராகப் போய்ச் சின்னக் கதவைத் தட்டினார். வாட்ச்மேன் தலையை நீட்டினார். "வெளி ஆளுங்கள வுடக் கூடாதும்மா," என்றார்.

"வுடாத. நான் இங்கியே குந்தறேன். உனக்கு சம்மதமா?"

வாட்ச்மேன் கதவைத் திறந்தார். புர்காவைக் கையில் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷமீம் அக்கா உள்ளே போனார். திறந்த கதவு வழியாக எனக்கு ஹாலின் ஒரு பக்கம் தெரிந்தது. அந்த வரிசை மொத்தமும் தலையைத் திருப்பி, அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் ஏதோ கேட்க எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

அக்கா நிதானமாகத் திரும்பி வந்தார். ஈரக் கையை புர்காவில் துடைத்துக்கொண்டார். வாட்ச்மேனுக்கு ஒரு சலாம் வைத்தார்.

"சுத்தமாத்தான் வெச்சிகீறானுங்க," என்றார் என்னிடம். "வா, பஸ்ஸு வந்துரும்."